கண் பட்ட மாடும் திரளாத வெண்ணெயும்

அயர்லாந்துக் குடியானவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பார்வைக்கு ஏன் அப்படிப் பயந்தார்கள்? அந்தப் பயம் யாரைக் காத்தது, யாரைப் பலிகொண்டது?

1807 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. அயர்லாந்தின் வடகிழக்கு மூலையில், ஆன்ட்ரிம் மாவட்டத்தில் உள்ள கார்ன்மணி என்ற ஊர். அலெக்ஸாண்டர் மான்ட்கோமரி என்ற தையல்காரர் தன் மாட்டுக் கொட்டிலில் நிற்கிறார். மேலே போட்டிருக்கும் கையில்லாச் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிகிறது. வேண்டுமென்றே திருப்பிப் போட்டிருக்கிறார். பக்கத்தில் ஓர் இளைஞன், அவனும் அதே கோலம். மாட்டின் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது, கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது, மாட்டைக் குணப்படுத்த அழைத்து வந்த மந்திரக்காரி மேரி பட்டர்ஸ் போட்ட உத்தரவு.

வீட்டுக்குள் மேரி பட்டர்ஸ், மான்ட்கோமரியின் மனைவி, மகன், ஒரு கிழவி என நான்கு பேர். கதவு சாத்தியிருக்கிறது. அடுப்பில் பெரிய பானை. அதில் பால், ஊசி, குண்டூசி, வளைந்த ஆணிகள்.

கூப்பிடும் குரல் விடிய விடிய வரவில்லை. பொழுது விடிந்ததும் மான்ட்கோமரி போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் நான்கு பேரும் தரையில் கிடக்கிறார்கள். கதவை உடைத்து உள்ளே போனபோது மனைவியும் மகனும் இறந்திருந்தார்கள். கிழவிக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது, அதுவும் சற்று நேரத்தில் போய்விட்டது. மேரி பட்டர்ஸைத் தூக்கி வெளியே எருக்குழியில் போட்டார்கள். வெளிக்காற்று பட்டு அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19 அன்று நடந்த மரண விசாரணை, நோயுற்ற மாட்டைக் குணப்படுத்த மந்திர முறையில் பயன்படுத்திய நச்சுப் பொருள்களால் மூச்சுத் திணறி இறந்தார்கள் என்று முடிவு சொன்னது. 1808 வசந்த கால அமர்வில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது, மேரி பட்டர்ஸ் விடுவிக்கப்பட்டாள்.

மூன்று உயிர் போகும் அளவுக்கு அந்த வீட்டில் அப்படி என்ன நடந்துவிட்டது? மான்ட்கோமரிக்கு இருந்தது ஒரே ஒரு மாடு. அது பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. கடைந்தால் வெண்ணெய் மட்டும் திரளவில்லை. மாட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வீட்டம்மா நம்பினார். ஊரில் உள்ள கிழவிகள் ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒத்தாற்போல் சொல்ல ஒரு கதை இருந்தது.

பாராட்டினால் வம்பு

அயர்லாந்துக்காரர்கள் கண்ணேறை ஐரிஷ் மொழியில் 'த்ரொஹூல்' என்பார்கள். வடக்கே உள்ளவர்கள் மாடு 'பிளிங்க்' ஆகிவிட்டது என்பார்கள். பேர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: ஒருவர் உங்கள் மாட்டை, கன்றை, குதிரையைப் பார்த்து வியந்துவிட்டு, கடவுள் பேரைச் சொல்லாமல் போனால் அதற்குக் கேடு வரும். பார்த்தவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறாமைகூட வேண்டாம். மனதார மெச்சினாலே போதும்.

மாற்றும் அதே அளவுக்கு எளிமையானது. 'பல் ஓ யீயா', அதாவது கடவுள் அருள் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை. தொழுவத்துக்குள் தலை நீட்டும்போது, கன்றைத் தடவும்போது, வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும் வீட்டில் நுழையும்போது அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை வீட்டுக்காரர்கள் கூர்ந்து பார்ப்பார்கள், சொல்லச் சொல்லிக் கேட்கவும் செய்வார்கள். மாட்டின் மேல் இலேசாகத் துப்பிவிடுவதும் வழக்கம்.

வாழ்த்துச் சொல்வது அங்கே வெறும் மரியாதையாக இருந்ததில்லை. பிரெஹன் சட்டங்கள் என்று அறியப்படும் பழைய ஐரிஷ் சட்ட நூல்கள், ஒரு வேலை முடிந்ததும் அதற்கு வாழ்த்துச் சொல்வதைக் கடமையாகவே வைத்தன. சொல்லாமல் விட்டால் அபராதம். அந்தச் சட்டங்களில் ஒருவரின் மானத்துக்கான விலைகூடக் கறவை மாட்டுக் கணக்கில்தான் வரும். காசு புழங்காத சமூகத்தில் மாடுதான் பணம், மாடுதான் அந்தஸ்து. பக்கத்து வீட்டுக்காரர் கண் எங்கே விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

■ பெட்டிச் செய்தி: வலது காதில் ஒரு ஜெபம்

இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் தம் 'பிரிட்டானியா' நூலை 1586-இல் வெளியிட்டார். அந்த நூலில் அயர்லாந்துக்காரர்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய பகுதி, 1566 வாக்கில் லிமெரிக்கில் பள்ளி ஆசிரியராக இருந்த குட் என்பவர் எழுதித் தந்த குறிப்புகளிலிருந்து எடுத்தது. அதில் வரும் செய்தி: ஒருவர் ஒரு குதிரையைப் புகழ்ந்தால், 'கடவுள் காப்பாற்றட்டும்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதன் மேல் துப்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் போய், அடுத்த மூன்று நாளுக்குள் குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டால், புகழ்ந்தவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவார்கள். அவர் குதிரையின் வலது காதில் பரமண்டல ஜெபத்தை முணுமுணுக்க வேண்டும். மே முதல் தேதி நெருப்புக் கேட்டு வருபவளைச் சூனியக்காரி என்று கருதுவார்கள். மாடுகளுக்கு நடுவே அன்று காணும் காட்டு முயல்களைக் கொன்றுவிடுவார்கள், வெண்ணெய் திருட வந்த கிழவிகள் என்று. நானூறு ஆண்டுக்கு மேலான குறிப்பு இது.

நான்கு பேர் தூக்கிய இமை

இந்த நம்பிக்கைக்குப் புராணத்திலும் ஒரு முகம் உண்டு. ஃபொமோரியர் என்ற கூட்டத்தின் தலைவன் பாலோர். அவனுடைய ஒரு கண் எப்போதும் மூடியே இருக்கும், போர்க்களத்தில்தான் திறக்கும். இமையை நான்கு பேர் சேர்ந்து பிடிபோட்டுத் தூக்க வேண்டும். அந்தக் கண்ணில் பட்ட படை நிலைகுலைந்து போகும். சிறுவனாக இருந்தபோது அப்பாவின் மந்திரவாதிகள் எதையோ காய்ச்சிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தானாம், அந்தப் புகை பட்டுக் கண் விஷமாகிவிட்டது. கடைசியில் அவன் பேரன் லூ எறிந்த கவண்கல் அந்தக் கண்ணையே பின்னந்தலை வழியாகப் பிய்த்துக்கொண்டு போய், பார்வையைப் பாலோரின் சொந்தப் படை மேலேயே திருப்பிவிட்டது.

ஏட்டில் இருக்கும் கதை இது. ஜனங்கள் வாய்வழியாகச் சொன்ன கதையில் பாலோர் டொனகால் கரைக்கு அப்பால் உள்ள டோரி தீவில் கோட்டை கட்டி வாழ்ந்தவன், அவன் செய்த பெரிய குற்றம் ஒரு மாட்டைத் திருடியது. கறந்தாலும் வற்றாத பசு அது. ஏட்டுக் கதையில் படைகளை அழித்த கண், குடியானவர் சொன்னபோது மாட்டுத் திருடனின் கண்ணாக மாறிவிட்டது. எதை இழந்தால் தாங்க முடியாதோ அதைச் சுற்றித்தான் அவர்கள் கதையைக் கட்டினார்கள்.

மே முதல் தேதி, வாடகை நாள்

கண்ணேறுக்கு ஒரு பங்காளி உண்டு: வெண்ணெய்த் திருட்டு. இதில் பார்வை தற்செயலாக விழுவதில்லை, வேண்டுமென்றே நடக்கும் களவு. மே முதல் தேதி விடியலுக்கு முன் ஒருத்தி பக்கத்து வயலுக்குப் போய், புல்லின் மேல் இருக்கும் பனித்துளியின் மேல் துணியையோ கயிற்றையோ இழுத்துக்கொண்டே 'எல்லாம் எனக்கு வரட்டும்' என்பாள். அந்த வயலில் மேயும் மாட்டின் வெண்ணெய் ஆண்டு முழுக்க அவள் வீட்டுத் தாழிக்குப் போய்விடும்.

இதைச் சுற்றி அயர்லாந்து முழுக்கச் சொல்லும் ஒரு கதை: அதிகாலையில் அந்த வழியாகக் குதிரையில் போன பாதிரியார் (சில ஊர்களில் சாதாரண வழிப்போக்கர்) அந்த வார்த்தையைக் கேட்கிறார். என்னவென்று புரியாமலே 'பாதி எனக்கு வரட்டும்' என்று சொல்லி வைக்கிறார். வீட்டுக்குத் திரும்பினால் பால் பாத்திரமெல்லாம் பொங்கி வழிகிறது. உலகத்தில் வெண்ணெய் இவ்வளவுதான், உனக்குக் கூடினால் எனக்குக் குறையும் என்ற கணக்கு இந்தக் கதைக்குள் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் 1965-இல் குடியானவச் சமூகங்களின் மனநிலையைப் பற்றி எழுதியதும் இதைத்தான்: நல்லது எல்லாமே அளவோடுதான் இருக்கிறது, ஒருவர் வாழ்ந்தால் இன்னொருவர் தேய்ந்தாக வேண்டும் என்று நம்பும் உலகம்.

மே முதல் தேதியைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் இளைத்துக் கிடந்த மாடுகள் புதுப்புல்லுக்குப் போகும் நேரம் அது. பால் பெருகும், வெண்ணெய்ப் பருவம் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. குத்தகைதாரர்கள் நிலப்பிரபுவுக்கு வாடகை கட்டும் தவணை நாள்கள் மே, நவம்பர் மாதத் தொடக்கத்தில்தான் வரும். அந்த வாடகையைப் பல வீடுகளில் கட்டியது வெண்ணெய்.

கார்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை 1770-இல் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தையாக வளர்ந்தது. உப்பிட்ட ஐரிஷ் வெண்ணெய் மரப் பீப்பாய்களில் அடைபட்டுக் கரீபியன் தீவுகள் வரைக்கும் கப்பலேறியது. அந்தப் பீப்பாயை நிரப்பியது ஓரிரண்டு மாடு வைத்திருந்த பெண்களின் கை. பருவம் முழுக்கக் கடைந்ததில் வெண்ணெய் குறைந்தால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் வீட்டை விட்டு வெளியேற்ற ஆள் வரும். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அந்தப் பெண்களுக்கு அது பேச்சு இல்லை, அடுத்த மாதம் எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்வி.

■ பெட்டிச் செய்தி: தொழுவத்துக் காவல்

மே முதல் தேதிக்கு முந்தின இரவு, மஞ்சள் பூக்களைப் பறித்துக் கொட்டில் வாசலிலும் ஜன்னலிலும் போடுவார்கள். ரோவன் மரத்தின் குச்சியைக் கடையும் தாழியில் கட்டுவார்கள், மாட்டு வாலில் சிவப்பு நூல். தாழிக்கு அடியில் குதிரை லாடம். அன்று வீட்டிலிருந்து நெருப்பு, பால், உப்பு எதையும் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கடையும் நேரத்தில் வந்த விருந்தாளி தாழியின் கோலைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் கண் பட்டது அவர் கையாலேயே கழியும் என்று நம்பிக்கை, அசந்த கைக்கு ஓய்வும் கிடைத்தது. வெண்ணெய் வராவிட்டால் ஏரின் இரும்பை அடுப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சுவார்கள், திருடியவள் சூடு பொறுக்காமல் ஓடி வருவாள் என்று. பெல்டனா எனப்படும் இந்த மே நாளில் இரண்டு நெருப்புக்கு நடுவே மாடுகளை ஓட்டி நோயை விலக்கியதை, சுமார் 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'கோர்மாக்கின் சொற்களஞ்சியம்' பதிவு செய்திருக்கிறது.

மூன்று நாள் கணக்கு

கேம்டன் குறிப்பில் வரும் அந்த மூன்று நாளை விட்டு என்னால் நகர முடியவில்லை. அது குதிரைக்குச் சொன்ன கெடு. அதே கெடுவைக் கறவை மாட்டுக்கு வைத்துப் பார்த்தால், இந்த நம்பிக்கை ஏன் இத்தனை நூற்றாண்டு நின்றது என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

பால் காய்ச்சல் என்று ஒரு நோய். பேர் காய்ச்சலே தவிர உடம்பு சுடாது, காது சில்லிட்டுப் போகும். கன்று ஈன்று இரண்டு மூன்று நாளுக்குள் வரும். முதல் ஈற்றுக் கிடாரிக்கு அரிது. மூன்று நான்கு ஈற்று கண்ட, மடி நிறையப் பால் சுரக்கிற மாட்டுக்குத்தான் அதிகம் வரும். மடியில் பால் திடீரென்று பெருகும்போது இரத்தத்தில் உள்ள கால்சியம் பெருமளவு பாலுக்குப் போய்விடும். மாடு தள்ளாடும், உட்கார்ந்துவிடும், கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடக்கும், சில மணி நேரத்தில் செத்தும் போகும்.

இப்போது அந்த மூன்று நாளில் அந்த வீட்டில் யார் வந்து போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்று பிறந்த வீடு. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். 'என்ன மடி, எத்தனை பால்!' என்பார்கள். ஊரிலேயே நல்ல மாடு அது, அதனால்தான் பாராட்டு. அந்த மாடுதான் மறுநாள் விழுகிறது. ஒன்றுக்கும் உதவாத பக்கத்து வீட்டு மாடு நன்றாக நிற்கிறது. கால்சியம் கண்ணுக்குத் தெரியாது, பாராட்டியவர் முகம் நினைவிருக்கும். தொழுவத்தில் நின்று பார்த்த எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவர்கள் மூடர்கள் இல்லை. கண்ணால் கண்ட வரிசையை வைத்துக் காரணம் சொன்னார்கள், காரணம்தான் தவறு.

மற்ற நோய்களும் அப்படித்தான் வந்தன. சப்பை நோய் கொழுத்த இளங்கன்றைத்தான் முதலில் பிடிக்கும், ஒரே இரவில் கொன்றுவிடும். உண்ணிக் கடியால் வரும் நோயில் சிறுநீர் சிவப்பாகப் போகும். நல்ல சினை மாட்டுக்குக் காரணம் இல்லாமல் கருக் கலைந்துவிடும். நோஞ்சான் மாட்டுக்கு வந்திருந்தால் தீவனத்தைக் குறை சொல்லலாம். நல்ல மாட்டுக்கு வந்தால் கண்ணைத்தானே சொல்லத் தோன்றும்?

மாட்டின் தோலில் துளைகள் தெரிந்தால், தேவதைகள் அம்பு எய்துவிட்டன என்பார்கள். வயலில் கிடைக்கும் புதிய கற்காலத்துக் கல் அம்புமுனைகளை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். மாட்டு மந்திரக்காரர் வந்து மாட்டை முழங்கையால் அளந்து, தோலைத் தடவி ஓட்டையைத் தேடி, அந்தக் கல்லைத் தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைப் புகட்டுவார். முதுகுத் தோலுக்கு அடியில் ஒருவகை ஈயின் புழு வளர்ந்து, துளை போட்டு வெளியே வருவதை இன்றைய கால்நடை மருத்துவம் அறியும். அந்தத் துளைகளில் பல இந்தப் புழு போட்டவையாக இருக்கலாம். அந்த ஈயை அயர்லாந்தில் பின்னாளில் ஒழித்துவிட்டார்கள்.

வெண்ணெய் திரளாததும் இப்படித்தான். பாலேடு ஏறக்குறைய 15 டிகிரி வெப்பத்தில் இருந்தால் வெண்ணெய் ஒழுங்காகத் திரளும். குளிர்ந்துவிட்டால் எத்தனை மணி நேரம் கடைந்தாலும் நுரைதான் வரும். பால் மறக்கும் பருவத்து மாட்டின் பாலும் எளிதில் திரளாது. கார்ன்மணியில் மான்ட்கோமரியின் மாடு ஒருவேளை அந்த நிலையில் இருந்திருக்கலாம். அப்படியானால் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமே அந்த வீட்டுக்குப் போதுமாக இருந்திருக்கலாம்.

யார் கண்?

இந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்கச் சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்துக் கொன்றார்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் மட்டும் சுமார் 2,500 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அயர்லாந்தில் அப்படிக் கொல்லப்பட்டதாகப் பதிவானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதற்குச் சொன்ன காரணங்களில் கண்ணேறும் ஒன்று. மாடு செத்ததற்குக் கெட்ட கண்தான் காரணம், ஆனால் அந்தக் கண்ணை வைத்திருப்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் அவரைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை. கூப்பிட்டு வாழ்த்துச் சொல்ல வைத்தால் போதும். மீதிப் பழியைத் தேவதைகள் சுமந்துகொண்டன, தேவதையைக் கட்டிவைத்து எரிக்க யாராலும் முடியாது.

இது சின்ன விஷயம் இல்லை. பழிவாங்காத ஒரு விளக்கத்தை அந்தச் சமூகம் கையில் வைத்திருந்தது. அதனால் எத்தனையோ கிழவிகள் தங்கள் படுக்கையில் இயற்கையாகச் செத்தார்கள்.

ஆனால் வெண்ணெய்த் திருட்டுக் கதைக்கு அந்த இரக்கம் இல்லை. அதில் ஒரு குற்றவாளி உண்டு, அவளுக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே உருவம்தான்: ஊர்க் கோடியில் தனியாக வாழும் கிழவி, பெரும்பாலும் விதவை. முயல் உருவெடுத்து மாட்டு மடியில் பால் குடிப்பாள். 1188 வாக்கில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டே இதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் சொன்ன கதைகளில் அந்த முயலைச் சாதாரணக் குண்டு துளைக்காது, வெள்ளி நாணயத்தைக் குண்டாக்கிச் சுட வேண்டும். இரத்தத் துளியைப் பின்தொடர்ந்து போனால் ஒரு குடிசை, உள்ளே காலில் காயத்தோடு கிழவி படுத்திருப்பாள். கதையில் அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. மே முதல் தேதி நெருப்புக் கேட்டு வந்தவளை விரட்டினார்கள் என்றால், அன்று அவள் வீட்டு அடுப்பு அணைந்திருந்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தனியாக வாழ்ந்த ஓர் ஏழைப் பெண் ஊரை நம்பி வாழவேண்டியிருந்தது. ஊர் தன்னைக் காத்துக்கொள்ள அவளுக்குக் கதவைச் சாத்தியது.

மன்ஸ்டர் மாகாணத்தில் 'பிஷோக்' என்று இன்னொரு வகை. வைக்கோற்போருக்குள் அழுகிய முட்டை, வயல் மண்ணில் புதைத்த இறைச்சி. பக்கத்து வீட்டுக்காரரின் அதிர்ஷ்டத்தை உறிஞ்ச வைத்த வினை என்று நம்புவார்கள். கண்டெடுத்தவர் கையால் தொட மாட்டார், மண்வெட்டியால் எடுத்து எரிப்பார், புனித நீர் தெளிப்பார். முட்டையைக் கோழியே வைக்கோலில் இட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வருடங்கள் உண்மை.

■ பெட்டிச் செய்தி: பாலிவாட்லியில் நடந்தது

1895 மார்ச், டிப்பரரி மாவட்டம். பிரிட்ஜெட் கிளியரி, வயது 26. தையல் வேலை செய்தார், கோழி வளர்த்தார், சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர். அவர் நோயில் விழுந்தபோது, இவள் தன் மனைவி இல்லை, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போன போலி என்று கணவர் மைக்கேல் கிளியரி நம்பினார். உறவினர்கள் கூடியிருந்த வீட்டில் மூலிகைக் கஷாயத்தை வலுக்கட்டாயமாகப் புகட்டி, கடைசியில் தீவைத்துக் கொன்றார். நீதிமன்றம் 20 ஆண்டுத் தண்டனை கொடுத்தது. 15 ஆண்டு சிறையிலிருந்து 1910-இல் வெளியே வந்தார். கிழவிகளைக் காத்த அதே தேவதை நம்பிக்கை ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அயர்லாந்து இன்றும் மறக்கவில்லை.

ஃபீக்கிள் வைத்தியச்சி

கண் பட்டால் யாரிடம் போவது? கிளேர் மாவட்டத்தில் ஃபீக்கிள் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிட்டி எர்லி என்ற பெண் இருந்தார், 1874-இல் இறந்தார். அவரிடம் ஒரு பாட்டில் இருந்தது, அதற்குள் பார்த்து என்ன நடந்தது, என்ன செய்யவேண்டும் என்று சொல்வார் என்று நம்பினார்கள். மனிதர் நோய்க்கும் மாட்டு நோய்க்கும் தூர ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். காசு கேட்க மாட்டார், விஸ்கியோ சாப்பாட்டுப் பொருளோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாதிரியார்கள் எதிர்த்தார்கள், ஜனங்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். நாடக ஆசிரியரான லேடி கிரகரி அவரை நேரில் அறிந்த கிழவர்களிடம் கேட்டுத் தொகுத்த நினைவுகளை 1920-இல் நூலாக வெளியிட்டார். அதில் கண்ணேறைப் பற்றிய ஓர் அத்தியாயமும் இருக்கிறது.

வைத்தியர் எட்டாத, எட்டினாலும் கூலி கொடுக்க முடியாத ஊர்களில் பிட்டி எர்லி போன்றவர்கள்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மருத்துவமாக அது பலித்ததா என்பதை விட, போனவர்கள் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கண்ணை வென்றது எது?

பிரசங்கங்கள் அல்ல. திருச்சபை நூற்றாண்டுக்கணக்கில் கண்டித்தும் நம்பிக்கை போகவில்லை. வென்றது ஓர் இயந்திரம். 1889-இல் லிமெரிக் மாவட்டத்து டிரோம்கொலகரில் அயர்லாந்தின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. கூட்டுறவு இயக்கத்தின் தலைவர் ஹோரஸ் பிளங்கெட் 1894-இல் அதற்கு ஒரு தனிச் சங்கமே அமைத்தார். காலையில் பாலைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணையில் ஊற்றிவிட்டு வந்தால் போதும், சுழலும் பிரிப்பான் பாலேட்டைப் பிரித்துவிடும். எல்லா வீட்டுப் பாலும் ஒரே தொட்டியில் கலந்த பிறகு, யார் வெண்ணெயை யார் திருடுவது?

இதற்கு ஒரு விலை இருந்தது, அதைப் பெண்கள் கொடுத்தார்கள். வீட்டில் கடைந்தவரை வெண்ணெய்க் காசு அவர்கள் கையில் இருந்தது. பண்ணைக்குப் பால் போன பிறகு மாதக் கணக்கு ஆண்கள் பேருக்கு வந்தது. பயம் போன அதே வண்டியில் சம்பாத்தியமும் போய்விட்டது. வரலாற்றாசிரியர் ஜோன்னா பர்க் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அயர்லாந்தின் பால் புரட்சியைப் பாராட்டும் எந்தப் பேச்சிலும் இது கூடவே இடம்பெற வேண்டும்.

பிறகு கால்நடை மருத்துவம் வந்தது. பால் காய்ச்சலில் விழுந்த மாட்டுக்கு 1930-களில் கால்சியம் ஊசி வந்தபோது, செத்துவிட்டது என்று விட்ட மாடு சில மணி நேரத்தில் எழுந்து நின்று தீவனத்தைத் தேடியது. ஒரு தலைமுறைக்குள் 'யார் பார்த்தார்கள்?' என்ற கேள்வி 'டாக்டரைக் கூப்பிட்டாயா?' என்று மாறியது. மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் நோயிலிருந்து அயர்லாந்து 2009-இல் விடுபட்டதாக அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. மாட்டுக் காசநோயை ஒழிக்கும் திட்டம் மட்டும் 1954-இல் தொடங்கி இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் மந்தை முழுக்கச் சோதனை நடக்கிறது, நோய் காட்டிய மாடு இறைச்சிக் கூடத்துக்குப் போகிறது. நாடு முழுக்க ஏறக்குறைய 70 லட்சம் மாடுகள், மனிதர்களை விட அதிகம்.

முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. மாட்டுக்குப் படர்தாமரை வந்தால் அதற்கென்று 'கைராசி' உள்ளவரைத் தேடிப் போகும் விவசாயிகள் கிராமங்களில் இன்றும் உண்டு, ஊசியும் போடுவார்கள், அவரையும் பார்ப்பார்கள். புனித பிரிஜிட் மாட்டுக்குக் காவல் தெய்வம் போல. அவர் திருநாளுக்கு முந்தின இரவு வெளியே வைத்து எடுத்த துணியை, கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டின் மேல் போர்த்தும் வழக்கம் இருந்தது. 2023 முதல் அந்த நாளைக் கொண்டாட அயர்லாந்து அரசு பொது விடுமுறையே விட்டிருக்கிறது.

740,000 பக்க வீட்டுப்பாடம்

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? 1935-இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைந்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழக்கமான கட்டுரைக்குப் பதில் ஒரு வேலை தந்தார்கள்: வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா. மே நாள் வழக்கம், மாட்டுக் கைவைத்தியம், வெண்ணெய் கடைந்தது, கண் பட்டது எல்லாம் அதில் வந்தன. எழுதிய பிள்ளையின் பெயர், சொன்னவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் பல பக்கங்களில் உண்டு. மொத்தம் ஏறக்குறைய 740,000 பக்கம். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கும் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பை 2017-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 'துக்கஸ்' என்ற இணையதளத்தில் அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தை இலவசமாகப் படிக்கலாம்.

அந்தக் கிழவர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, அவர்கள் சொன்னது இருக்கிறது. மாடு கட்டிய வீட்டில் வாழ்ந்த பாட்டிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். பள்ளி ஆசிரியர்களே, இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். மாட்டுக்கு என்ன பேர் வைத்தீர்கள், நோய் வந்தால் என்ன செய்தீர்கள், யார் கண்ணுக்குப் பயந்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், தேதி நான்கும் மறக்காமல் இருக்கட்டும்.